போன வண்டி திரும்பி வந்தால் வாடகை குறையுமா?

திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில், செங்கம் சாலையோரம் வண்டி போடும் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கு,

சில நாட்களுக்கு முன்பு, காலை நேரம். டீக்கடை பெஞ்சில் உங்களில் ஒருவர் செல்போனை நீட்டிப் பிடித்து மற்றவர்களுக்கு ஒரு வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். கோபுரம் அளவுக்கு ஓர் எஃகுக் குழாய், அடியில் நெருப்பைக் கக்கியபடி வானத்திலிருந்து இறங்கி வந்து, இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே அடங்கி நின்றது. "சும்மா கிராபிக்ஸுப்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "போன வண்டியே திரும்பி வந்துடுச்சுன்னா வாடகை கொறையணுமில்ல? அப்ப நாமளும் ஒரு ட்ரிப்பு மேல போயிட்டு வரலாமா?"

பதில் வருவதற்குள் ஆசிரமத்துப் பக்கமிருந்து ஒரு வெளிநாட்டு அம்மா முதுகுப்பையும் பெட்டியுமாக வர, கேட்டவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான் இந்த மடலை எழுதுகிறார். ராக்கெட்டைப் பற்றிப் படிப்பதும் எழுதுவதும் அவர் பிழைப்பு. வாடகைக் கணக்கு அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், பதிலை உங்கள் கணக்கிலேயே போட்டுப் பார்க்கிறார்.

முதலில், அது கிராபிக்ஸ் இல்லை. 2024 அக்டோபர் 13 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் நடந்தது. ஈலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் உருவாக்கிவரும் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் அடிக்கட்டு அது. சூப்பர் ஹெவி என்று பெயர். உயரம் 71 மீட்டர். நம் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். கோபுரத்து உச்சியில் ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்றால் எவ்வளவோ, அவ்வளவு உயரம். கிளம்பிய ஏழு நிமிடத்தில், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இனி வாடகை. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு சவாரி போகிறீர்கள். ஆளை இறக்கிவிட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஏரிக்குள் விட்டுவிட வேண்டும். அடுத்த சவாரிக்கு ஷோரூமிலிருந்து புது வண்டி. இப்படியொரு தொழில் இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு என்ன வாடகை கேட்பீர்கள்? கேட்கிற வாடகைக்கு யார் ஏறுவார்கள்? ராக்கெட் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. நம் பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரம், கிளம்பும்போது 320 டன் எடை. நான்கு அடுக்கு. ஓர் அடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழும். எந்த அடுக்கும் திரும்பக் கிடைக்காது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆளைவிட உயரமான உலோக உருளை ஒன்று ஒதுங்கியது. என்னமோ ஏதோ என்று போலீஸ் காவல் போட்டார்கள். கடைசியில், அது பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாவது அடுக்காகத்தான் இருக்கும் என்று அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. ஏரியில் விட்ட வண்டி ஒன்று கரை ஒதுங்கிய கதை.

ராக்கெட் என்றால் எரிபொருளுக்குத்தான் காசு கரையும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 ராக்கெட் ஆரம்ப காலத்தில் 6 கோடி டாலர் பக்கம் விலை சொல்லப்பட்டபோது, அதில் ஊற்றும் மண்ணெண்ணெய்க்கும் திரவ ஆக்சிஜனுக்கும் ஆகும் செலவு 2 லட்சம் டாலர்தான் என்றார் மஸ்க். நூறு ரூபாய்ச் சவாரியில் பெட்ரோல் காசு முப்பது பைசா! மீதியெல்லாம் வண்டியின் விலை. அதிலும் ஒன்பது எஞ்சின் பூட்டிய அடிக்கட்டுக்கு மட்டும் ஏறக்குறைய அறுபது சதவீதம்.

இந்த விஷயத்தில் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்பு பர்வத ராஜகுலத்தார் கொப்பரையைத் தோளில் சுமந்து 2,668 அடி மலைக்கு ஏற்றுகிறார்கள். பதினோரு நாள் எரிகிறது. அப்புறம் கொப்பரையை அங்கேயே உருட்டிவிட்டு அடுத்த வருடத்துக்குப் புதிது வார்ப்பதில்லை; கீழே இறக்கிக் கோயிலில் சேர்க்கிறார்கள். நெய்யும் திரியும்தான் வருடா வருடம் புதிது. ஆனால் இறக்குவதும் ஒரு வேலை. அதற்கும் ஆள் வேண்டும், தோள் வேண்டும், கால் வழுக்காத கவனம் வேண்டும். ராக்கெட்டிலும் சிக்கல் அந்த இடத்தில்தான் இருந்தது.

ஃபால்கன்-9 கிளம்பி இரண்டரை நிமிடத்தில் அடிக்கட்டு கழன்றுகொள்ளும். அப்போது அது அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே வாயுவைப் பீய்ச்சி உடம்பைத் திருப்பும். காற்று மண்டலத்துக்குள் நுழையும் நேரத்தில் மூன்று எஞ்சினை மூட்டி வேகத்தைக் குறைக்கும்; இல்லாவிட்டால் சூட்டிலேயே சிதைந்துபோகும். மேல்பக்கம் ஜன்னல் கம்பி போட்ட மாதிரி நான்கு சட்டங்கள் விரியும். காற்றில் திசை பிடிப்பது அவற்றை வைத்துத்தான். கடைசியில் ஒரே எஞ்சின். கூத்து இங்கேதான்: காலியான அடிக்கட்டின் எடையைவிட அந்த ஓர் எஞ்சினின் குறைந்தபட்ச உந்துதலே அதிகம். அதனால் அந்தரத்தில் நின்று, நிதானமாகப் பார்த்து இறங்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் கணமும் கால் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரு நொடி முந்தினால் மறுபடி மேலே கிளம்பும், பிந்தினால் மோதும். தேரடி வீதிக் கூட்டத்தில் பிரேக் பிடிக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

சிலமுறை மோதி வெடித்த பிறகு, 2015 டிசம்பரில் முதல்முறையாகத் தரையில் நின்றது. அப்படி இறங்கிய அடிக்கட்டு ஒன்று மறுபடி பறந்தது 2017 மார்ச் 30 அன்று. இப்போது ஒரே அடிக்கட்டு முப்பது தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறது. ஒன்று, 2025 மார்ச்சில், இறங்கிய ஒன்பதே நாளில் மறுபடி பறந்தது.

திரும்பி வருவது இலவசமில்லை. வரும் வழிக்கு எரிபொருளை மிச்சம் பிடித்து வைக்க வேண்டும். இறங்கும் கால்களையும் சுமந்து போக வேண்டும். திரும்பாமல் போனால் ஃபால்கன்-9 பூமியை ஒட்டிய சுற்றுப்பாதைக்கு 22,800 கிலோ ஏற்றும். திரும்ப வேண்டுமென்றால் நான்கைந்து டன் குறையும். சென்னை ஏர்போர்ட்டில் ஆளை விட்டுவிட்டு எம்ட்டியாகத் திரும்பும் டாக்ஸிக்காரர் வாடகையில் அதையும் சேர்க்கிறாரே, அந்தக் கணக்குதான். அப்படிப் பார்த்தாலும் இரண்டாவது பயணத்தில் கட்டுப்படியாகிவிடும், மூன்றாவதிலிருந்து லாபம் என்பது மஸ்க்கின் வாதம். அவருக்குப் போட்டியான யு.எல்.ஏ. நிறுவனத்தின் தலைவராக இருந்த டோரி புரூனோ ஒப்புக்கொள்ளவில்லை. பத்து தடவையாவது பறந்தால்தான் கட்டும் என்றார். முப்பது தடவை பறந்துகாட்டிய பிறகு அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நீதிபதி தேவையில்லை.

ஆனால் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் 2011 வரை 135 தடவை போனது. ஓடுதளத்தில் விமானம் போல அழகாக வந்து இறங்கும். மலிவாக இருக்கும் என்று சொல்லித்தான் கட்டினார்கள். நடந்தது என்ன? அதன் உடம்பில் சூடு தாங்க ஒட்டியிருந்த ஓடுகள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எஞ்சினையும் கழற்றிப் பார்க்க வேண்டும். மொத்தத் திட்டச் செலவைப் பயணங்களால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு 150 கோடி டாலர் பக்கம் வருகிறது. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணுகிற வண்டியை வைத்து யாராவது டியூ கட்ட முடியுமா? வண்டி பெயரளவுக்குத்தான் சொந்தம். சம்பாத்தியம் முழுக்க மெக்கானிக் ஷெட்டுக்கு.

சர்வீஸ் எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாடே கிட்டத்தில் நின்று பார்த்தது. 2025 ஜூனில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பவிருந்தார். ஏற்பாடு ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனத்துடையது, வண்டி ஃபால்கன்-9. அதன் அடிக்கட்டு முன்பு ஒருமுறை பறந்து வந்தது, அதாவது செகண்ட் ஹேண்ட். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு சோதனை ஓட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. முந்தைய பயணத்துக்குப் பிறகு நடந்த சர்வீஸில் முழுதாகச் சரிசெய்யப்படாத கசிவு அது என்று ஸ்பேஸ்எக்ஸ் அதிகாரியே பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அப்போது அங்கே இருந்த இஸ்ரோ குழுவுக்குத் தலைவர் வி.நாராயணன். கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர். திரவ எரிபொருள் எஞ்சின்களிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். கசிவைச் சரிசெய்து, சோதித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்று இஸ்ரோ நின்றது. பயணம் தள்ளிப்போனது. விண்வெளி நிலையத்திலும் ஒரு கசிவைப் பார்க்க வேண்டியிருந்ததால் இன்னும் தள்ளி, ஜூன் 25 அன்று கிளம்பினார்கள். ஜூலை 15 அன்று கலிஃபோர்னியாவை ஒட்டிய கடலில் பத்திரமாக இறங்கினார்கள். எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டரைத் திட்டுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். திட்டுவதை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

சரி, வாடகை குறைந்ததா? டீக்கடையில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம்.

வண்டிக்காரருக்குக் குறைந்தது. எல்லாம் கூடிவந்தால் ஒரு ஃபால்கன்-9 பயணத்துக்குத் தனக்கு ஆகும் கைச்செலவு 1.5 கோடி டாலர் வரை இறங்கும் என்று மஸ்க் 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் வாடிக்கையாளரிடம் சொல்லும் விலை? 2016-இல் 6.2 கோடி டாலர். 2024-இல் 7 கோடியை ஒட்டி நின்றது. ஷேர் ஆட்டோ மாதிரி பலருடைய சின்னச் செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றிப் போகும் திட்டமும் அவர்களிடம் உண்டு. 2021 ஜனவரியில் ஒரே ட்ரிப்பில் 143 ஏற்றினார்கள். அதன் கட்டணம் கிலோவுக்கு 5,000 டாலரில் தொடங்கி 2024-இல் 6,000 ஆனது. வண்டி திரும்பி வரவர, வாடகையும் மெல்ல மேலே வருகிறது.

ஆள் சவாரியில் கதை இன்னும் விசித்திரம். 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கப் பணக்காரர் ரஷ்யாவின் சோயுஸில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். அந்த ராக்கெட் ஒருமுறை போய் அழியும் வகை. அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது 2 கோடி டாலர். 2022-இல் ஆக்ஸியம் முதல்முறையாகத் தனியார் பயணிகளை அதே விண்வெளி நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது, பறந்து பறந்து வந்த அடிக்கட்டில்தான் போனார்கள்; ஆளுக்கு 5.5 கோடி டாலர் என்று செய்தி வந்தது. சுக்லாவின் பயணத்துக்கு இந்தியா செலவிட்டது பயிற்சி உட்பட 550 கோடி ரூபாய் அளவில் என்பார்கள். டாலரின் மதிப்பு இடையில் தேய்ந்தது உண்மை, டிட்டோவுக்குக் கிடைத்தது அரசாங்க ட்ரிப்பில் மிஞ்சிய சீட்டு என்பதும் உண்மை. அதையெல்லாம் கழித்தாலும், செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஏறியவர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டாண்டில் ஒரே வண்டி நின்றால் சொன்னதுதான் வாடகை. இரண்டாவதாக ஒரு வண்டி வரத்தான் செய்தது: போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அதில் போனார்கள். போன இடத்தில் வண்டி மக்கர் பண்ணியது. ஆளில்லாமல் அதைத் தனியே திருப்பி அனுப்பிவிட்டு, அவர்கள் இருவரும் ஒன்பது மாதம் கழித்து, 2025 மார்ச்சில், ஸ்பேஸ்எக்ஸ் வண்டியில்தான் வீடு வந்தார்கள். நம் பார்சலே அந்த வண்டியில் ஏறியிருக்கிறது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை நம் பெரிய ராக்கெட்டால் தூக்க முடியாது. 2024 நவம்பரில் ஃபால்கன்-9-ஐ வாடகைக்குப் பிடித்தே அனுப்பினோம். 2025 நவம்பரில் ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் தன் பெரிய ராக்கெட்டான நியூ கிளெனின் அடிக்கட்டைக் கடலில் மிதக்கும் மேடையில் இறக்கியிருக்கிறது. ஸ்டாண்டுக்கு இன்னொரு வண்டி வருகிற சத்தம் இப்போதுதான் கேட்கிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? இஸ்ரோ இறக்கை வைத்த வழியில் முயன்று பார்க்கிறது. புஷ்பக் என்று பெயரிட்ட சிறிய ஊர்தியைக் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டரில் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அண்ணாமலையைப் போல ஐந்து மலையை அடுக்கினாலும் எட்டாத உயரம். அது ஆளில்லாமல் தானாகவே ஓடுதளத்தைத் தேடி வந்து, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கியது. 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன் என மூன்று சோதனை, மூன்றும் வெற்றி. மூன்றாவதில், வேண்டுமென்றே ஓடுதளத்துக்கு நேராக விடாமல் பக்கவாட்டில் தள்ளி விட்டார்கள்; அதுவாகத் திரும்பி நேர்கோட்டைப் பிடித்தது. இது விண்வெளிக்குப் போய்வந்தது ஆகாது, இறங்கிப் பழகுவது. அதற்கடுத்து, அடிக்கட்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய, 30 டன் தூக்கும் புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு வருடத் திட்டம்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைமேல் பறக்கக் கூடாது என்பதால் கடலுக்குள் வளைந்து போகிறது. அந்தச் சுற்றுக்கே நிறைய எரிபொருள் போய்விடும். குலசையிலிருந்து நேர்ரோடு. சிறிய ராக்கெட்டுக்கு இந்த மிச்சம் பெரிய காசு. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டை விட்டது. நான்கு முறை கடைசி நேரத்தில் நிறுத்தி, ஐந்தாவது முறை விட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் திருவிடந்தையிலிருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியா ரூமி-1 என்ற, மறுபடி பயன்படுத்தும் நோக்கில் செய்த சிறிய ராக்கெட்டை விட்டது. இவையெல்லாம் பார்சல் வண்டிகள். ஆள் ஏற்றும் பர்மிட் வெகுதூரத்தில் இருக்கிறது.

ஆக, கேட்டவருக்கு நேர்ப்பதில். விண்வெளியின் எல்லை என்று பொதுவாகச் சொல்வது 100 கிலோமீட்டர். இங்கிருந்து பாண்டிச்சேரி தூரம்தான், மேல்நோக்கி. விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டகூரா 2024 மே 19 அன்று புளூ ஆரிஜினின் நியூ ஷெப்பர்டில் அதைத் தாண்டி, பத்து நிமிடத்தில் தரைக்கு வந்தார். இதே மாதிரிக் குட்டிச் சவாரிக்கு வர்ஜின் கலாக்டிக் நிறுவனம் 2021-இல் வைத்த கட்டணம் 4.5 லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய நான்கு கோடி ரூபாய். ஆட்டோ ஓட்டிச் சேர்க்கிற காசில் ஆகிற காரியமா? இன்னும் இல்லை. அடிக்கட்டு மட்டுமல்லாமல் மேல்கட்டும் முழுதாகத் திரும்பி வந்து, எண்ணெய் மாற்றிவிட்டு மறுநாளே கிளம்பும் நிலை வந்து, ஸ்டாண்டில் நாலைந்து கம்பெனி வண்டியும் நின்றால் இந்த எண்ணில் எத்தனை பூஜ்யம் உதிரும் என்பதை அப்போது பார்க்கலாம்.

எழுதுபவருக்கு உங்களிடம் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. 2017-இல் முதல்முறையாக, பறந்து வந்த அடிக்கட்டில் செயற்கைக்கோள் அனுப்ப எஸ்.இ.எஸ். என்ற லக்ஸம்பர்க் கம்பெனி துணிந்தபோது பலரும் தயங்கினார்கள். இப்போதோ, ஏற்கெனவே பறந்து வந்ததுதான் நம்பிக்கையானது என்று பேசுகிறவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். லாங் ட்ரிப் என்று வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கும் மெக்கானிக் கிடையாது. நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியை எடுப்பீர்களா, இருபது ட்ரிப் ஓடி, சத்தமெல்லாம் பழகிய வண்டியையா? பதிலை டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும். பௌர்ணமிக் கூட்டம் முடிந்ததும் வந்து கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
எதிர் பெஞ்சுக்காரர்